தலையணை உறையில் இருந்த முடிச்சு

செய்வினை, சூனியம், சாபம் இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் தயங்குவேன். கேட்பவர்கள் அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா, உள்ளுக்குள்ள உங்களுக்கும் பயம் இருக்கு" என்பார்கள். பயமெல்லாம் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு மந்திரவாதி முன்னால் உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒருவரைக் காட்டிக்கொடுத்தேன். தயக்கம் அங்கிருந்து வருகிறது.

சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. நான்கு மாதத்தில் ஆள் பாதியாகிப் போயிருந்தார். சாப்பாடு குறையவில்லை, சொல்லப்போனால் முன்பைவிட அதிகமாகவே சாப்பிட்டார். ஆனாலும் சட்டை தோளில் தொங்கியது. இரவில் தூக்கம் கிடையாது. டம்ளரைக் கையில் எடுத்தால் தண்ணீர் தளும்பும். யாரோ பின்னால் நிற்பதுபோல் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். வாயில்லாப் பூச்சி என்று பெயரெடுத்த மனிதர் ஒருநாள் சித்தியை நோக்கிக் கையை ஓங்கிவிட்டார். உடம்பு சுருங்கச் சுருங்கக் கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது, எந்நேரமும் எதையோ முறைப்பது மாதிரி. ஒரு மருத்துவர் மன அழுத்தம் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் சத்துக்குறைவு என்றார். இப்படி இரண்டு பேர் கைவிரித்த பிறகு, "இது டாக்டர் பார்க்கிற விஷயம் இல்லீங்க" என்று சொல்ல எங்கிருந்தோ ஒருவர் வந்துசேர்வார். எங்களுக்கும் வந்தார்.

மந்திரவாதி என்றதும் நான் எதிர்பார்த்த பயங்கரம் எதுவும் அந்த மனிதரிடம் இல்லை. மெதுவாகப் பேசினார். இடையிடையே நிறைய நேரம் பேசாமல் இருந்தார். "வெளி ஆள் வேலை இல்லை, ரத்த சம்பந்தம்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "பெண் கை" என்றார். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுக்குள்ள ஒரு பொருள் வந்திருக்கு. துணி மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டு, இருந்தவர்களில் சின்னவனான என் பக்கம் திரும்பி, "தம்பி, சமீபத்துல யாராவது எதையாவது கொண்டுவந்து கொடுத்தாங்களா?" என்று கேட்டார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாணவனின் உற்சாகத்தோடு, "அத்தை தலையணை உறை தைச்சுக் கொண்டுவந்தாங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில், "அவர் அத்தை பேரைப் புட்டுப்புட்டு வெச்சாரே" என்றுதான் சொல்வார்கள். அவர் பெயரைச் சொல்லவே இல்லை. எந்த வீட்டிலும் சொந்தத்தில் ஒரு பெண் இருப்பாள். எந்த வீட்டிலும் சமீபத்தில் வந்த துணி ஒன்று இருக்கும். துணி இல்லையென்றால் "மாதிரி தெரியுது" என்பது காகிதமாகவோ கயிறாகவோ மாறியிருக்கும். அவர் வெறும் கட்டங்களை வரைந்து கொடுத்தார். எழுத்தை நாங்கள் நிரப்பினோம். கடைசிக் கட்டத்தை நிரப்பியது நான்.

பிரித்துப் பார்த்த இரவு

அத்தை அப்பாவுக்கு அக்கா. கணவர் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. தம்பிக்குத் தூக்கம் வரவில்லை என்று கேள்விப்பட்டு, மெல்லிய துணியில் ஓரம் முழுக்கப் பூவேலை செய்து இரண்டு உறைகள் தைத்துக் கொண்டுவந்திருந்தார். அன்று இரவு மின்விளக்கு போதாதென்று நான் டார்ச் பிடிக்க, சித்தி பிளேடால் தையலைப் பிரித்தார். ஒவ்வொரு நூலாக இழுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது ஓரத்தின் உள்மடிப்பில் ஒரு முடிச்சு வந்தது. கடுகளவு. அதோடு சேர்ந்து தையலுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நீள முடி, பாதி நரைத்தது. சித்தி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா "அடிப்பாவி" என்றார். அம்மா அத்தையை அப்படி ஒருமையில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் வெளிச்சத்தை அந்த முடிச்சின் மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும். பள்ளி நாள்களில் பையின் வார் பிய்ந்தால் நானேதான் தைத்துக்கொள்வேன். நூல் உருவிக்கொண்டு வராமல் இருக்க நுனியில் முடிச்சுப் போட வேண்டும், தையல் முடிகிற இடத்தில் இன்னொன்று போட வேண்டும். அதை மடிப்புக்குள் மறைத்துவிட்டால்தான் வேலை சுத்தமாக இருக்கும். மடியில் துணியை வைத்துக் குனிந்து தைக்கிற பெண்ணின் தலைமுடி ஒன்று தையலில் மாட்டுவதில் அதிசயம் எதுவுமில்லை. மீதியிருந்த ஓரத்திலும் அதேபோல முடிச்சு இருந்திருக்கும், ஆனால் ஒன்று கிடைத்த பிறகு யாரும் மேலே தேடவில்லை. வீட்டிலிருந்த மற்ற தலையணைகளைப் பிரித்திருந்தால் அவற்றிலும் கிடைத்திருக்கும். இதையெல்லாம் அந்த நிமிடமே நான் யோசித்தேன் என்பதுதான் சங்கடம். பிறகு புத்தி வந்து யோசித்ததல்ல. அப்போதே தெரிந்தும் டார்ச்சை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால், "அப்படின்னா உன் சித்தப்பாவுக்கு என்னன்னு நீயே சொல்லு" என்று கேட்டிருப்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களிடம் ஒரு பதில் இருந்தது.

மறுநாள் காலை அப்பா அத்தையிடம் போய் இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கண் உறுத்துகிறது, தண்ணீர் வடிகிறது என்று சித்தப்பாவைக் கண் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அவர் கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குவதைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "தைராய்டு டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். கழுத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு முழுக்க வேகமெடுத்துவிடும். இதயம் படபடக்கும், சாப்பிடச் சாப்பிட எடை குறையும், தூக்கம் போகும், கை நடுங்கும், காரணமில்லாத பயமும் கோபமும் வரும், சிலருக்குக் கண் பிதுங்கும். "பேய் பிடிச்ச மாதிரி" என்று நாங்கள் வரிசையாகச் சொன்ன எல்லாமே ஒரு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் வந்து நின்றன. மாத்திரை ஆரம்பித்தார்கள். சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற இருப்பு தீர வேண்டும் என்பதால் அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். மந்திரவாதியும் பரிகாரம் முடித்து, "நாற்பது நாள் பொறுங்க" என்று சொல்லியிருந்தார். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து முடிந்தன. சித்தப்பா தேறினார். யாருக்கு நன்றி சொல்வது என்பதில் வீடு இரண்டாகவில்லை. மாத்திரை உடம்பைச் சரிசெய்தது, பரிகாரம் மாத்திரையை வேலை செய்யவிட்டது என்று சித்தி ஒரே போடாகப் போட்டுவிட்டார். இதை எந்தத் தர்க்கத்தால் உடைப்பது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

கேட்கிற காது

அதற்குப் பிறகு பல வருடம் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 'எல்லாம் மூடநம்பிக்கை' என்று எழுதித் தள்ளிவிடத்தான் ஆசை. ஆனால் படிக்கப் படிக்க அது அத்தனை எளிதாக இல்லை. 2007இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 26 வயது இளைஞர். மனச்சோர்வு மாத்திரைக்கான ஆய்வு ஒன்றில் சேர்ந்திருந்தார். காதலியோடு சண்டை, கையிலிருந்த 29 மாத்திரைகளையும் விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடிவந்து விழுந்தார். ரத்த அழுத்தம் 80க்கு 40. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், நிறுத்தினால் அழுத்தம் மறுபடி இறங்கியது. பிறகுதான் ஆய்வு நடத்தியவர்களிடமிருந்து தகவல் வந்தது: அவருக்குக் கொடுத்திருந்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அதை அவரிடம் சொன்ன கால் மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியானது. வெற்று மாத்திரை ஆளைச் சாய்க்குமென்றால், ஒரு வெற்றுச் சொல்லும் சாய்க்கலாம் என்பதை நான் மறுக்கத் தயாரில்லை.

வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1942லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சபிக்கப்பட்டவர்கள் உடம்பில் காயமே இல்லாமல் ஓரிரு நாளில் செத்துப்போவதாகப் பல நாடுகளிலிருந்து வந்த செய்திகளைத் திரட்டி, தீராத அச்சம் நரம்பு மண்டலத்தை ஓயாமல் முடுக்கிவிட்டு ஆளைக் கொல்லலாம் என்று விளக்கினார். அவர் எதையும் நேரில் பார்த்தவரில்லை, எல்லாம் பிறர் சொல்லக் கேட்டது, அதனால் அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் அச்சம் இதயத்தை நிறுத்தும் என்பதில் இன்று சந்தேகமில்லை. 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி நிலநடுக்கத்தன்று, இதய நோயால் நேர்ந்த திடீர் மரணங்கள் அந்த மாவட்டத்தில் 24. அதற்கு முந்தைய வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி ஐந்துகூட இல்லை. இன்னொன்றும் உண்டு: சீன, ஜப்பானிய மொழிகளில் நான்கு என்ற எண்ணும் சாவு என்ற சொல்லும் ஒரேபோல ஒலிக்கும், அமெரிக்காவில் வாழும் அந்த வம்சாவளியினரிடையே மாதத்தின் 4ஆம் தேதியில் இதய மரணம் கூடுகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு வந்தது. இதைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன், நண்பர்களிடமெல்லாம் சொன்னேன். அப்புறம் ஹாங்காங் கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் தட்டுப்படவில்லை என்று தெரிந்தது. நமக்குப் பிடித்த முடிச்சு கிடைத்ததும் தேடுவதை நிறுத்துவது மந்திரவாதி வீட்டுக்குப் போகிறவர்களின் பழக்கம் மட்டுமல்ல.

ஆக, சொல்லுக்குச் சக்தி உண்டு, அது காதில் விழுந்தால். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் கதையை நினைத்துப் பாருங்கள். அறம் வைத்து, அதாவது உள்ளே சாபத்தைப் பொதிந்து பாடிய நூறு பாட்டைக் கேட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் தமிழ்ச் சுவைக்காகப் பந்தலில் உட்கார்ந்து கேட்டானாம், கடைசிப் பாட்டில் எரிந்துபோனானாம். வரலாறு அல்ல, கதைதான். ஆனால் கதை கட்டியவர்களுக்கு ஒரு விவரம் தெரிந்திருக்கிறது. பாட்டு தானாகப் போய் அரண்மனையில் தூங்குகிறவனைக் கொல்வதில்லை. அவன் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்காதவர்மேல் ஏவினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. ரோமானியர் காலத்தவர்கள் ஈயத் தகட்டில் சாபம் எழுதி, சுருட்டி, சூலிஸ் மினெர்வா தெய்வத்துக்கு என்று அந்த ஊற்றில் போட்டிருக்கிறார்கள். கிடைத்தவை சுமார் 130. பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். டோசிமெடிஸ் என்றொருவன் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறான். பல தகடுகளில், 'ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ' என்று திருடன் யாரென்றே தெரியாமல் எல்லாக் கதவையும் அடைத்து எழுதியிருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் சுருண்டு கிடக்கிற தகட்டை அந்தத் திருடன் படித்திருக்கப் போவதில்லை. கையுறைக்கு இரண்டு கண்ணா என்று சிரிப்பு வருகிறது. ஆனால் எழுதியவனுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்கும். புகாரை வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லாதவனுக்கு அந்த ஊற்றுதான் காவல் நிலையம்.

2008இல் ஒரு மந்திரவாதி, மந்திரத்தாலேயே ஆளைக் கொல்ல முடியும் என்று இந்தியத் தொலைக்காட்சியில் சவால்விட, பகுத்தறிவாளர் சனல் எடமருகு "என்னைக் கொல்லுங்கள்" என்று நேரலையில் உட்கார்ந்தார். பல மணி நேரம் ஆயிற்று. சனல் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், உங்களை ஏதோ சக்திவாய்ந்த தெய்வம் காப்பாற்றுகிறது என்றார் மந்திரவாதி. சனல் நாத்திகர். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும், ஆனால் அதைக் காட்டி யாரையும் மாற்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை. திடமான ஆள், வேலை செய்யவில்லை என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். தவிர, சனலால் சிரிக்க முடிந்தது. இதயம் நிமிடத்துக்கு நூற்றுமுப்பது தடவை அடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவால் முடியாது.

ஏன் எனக்கு, ஏன் இப்போது

என் குடும்பத்தைப் புரிந்துகொள்ள உதவியது மருத்துவம் அல்ல, ஒரு தானியக் களஞ்சியம். ஈவான்ஸ் பிரிட்சர்ட் என்ற மானிடவியலாளர் 1920களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவில் அசாண்டே மக்களோடு தங்கியிருந்தார். அங்கே தூண்களின் மேல் களஞ்சியம் கட்டியிருப்பார்கள். வெயில் நேரத்தில் அதனடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சில நேரம் அது சரிந்து கீழே இருப்பவர்களை நசுக்கிவிடும். கரையான் தூணை அரித்ததால் சரிந்தது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: இத்தனை நாள் நின்றது, இந்த மனிதர்கள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் ஏன் விழுந்தது? நாம் தற்செயல் என்று விட்டுவிடுகிற இடத்தில் அவர்கள் சூனியத்தை வைக்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு சித்தி எனக்கு முட்டாளாகத் தெரியவில்லை. தைராய்டு என்று தெரிந்த பிறகும் அவருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எத்தனையோ பேர் இருக்க, இவருக்கு ஏன், குழந்தை பிறந்த இந்த வருடத்தில் ஏன்? மருத்துவரிடம் அதற்கு விடை கிடையாது. 'யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்' என்பது உண்மை, ஆனால் நள்ளிரவில் அதைக் கட்டிக்கொண்டு தூங்க முடியாது. மந்திரவாதி அந்த 'ஏன்' என்ற கேள்வியை வாங்கி, நைசாக 'யார்' என்று மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார். யார் என்ற கேள்விக்கு எப்போதும் விடை கிடைத்துவிடும். அந்த விடை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆளாகத்தான் இருக்கும்: திருப்பி அடிக்க ஆள் இல்லாதவர். பெரும்பாலும் பெண், வயதானவர், துணை இல்லாதவர். எங்கள் சொந்தத்தில் சித்தப்பாமேல் உண்மையிலேயே பொறாமை கொண்ட, பணமும் குரலும் உள்ள இரண்டு ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் யார் வாயிலும் வரவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இந்தியாவில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. பீகார் 1999இல் கொண்டுவந்தது, ஜார்க்கண்ட் 2001இல். அப்படி முத்திரை குத்தப்பட்டுத் துரத்தப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி தேவி, பிறகு தன்னைப் போன்ற பெண்களை மீட்கிற வேலையில் இறங்கினார். அசாமின் பிருபாலா ராபாவும் அந்த வேலையைத்தான் செய்தார். இருவருக்கும் 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிருபாலாவின் தொடக்கம் எனக்கு மிகவும் நெருக்கமானது. நோயுற்ற மகன் மூன்று நாளில் இறந்துவிடுவான் என்று குறி சொல்பவர் ஒருவர் அவரிடம் சொன்னார். மூன்று நாள் போனது, மகன் சாகவில்லை. அவர் அந்த மூன்று நாளை மறக்கவில்லை. நாங்களோ கண் மருத்துவர் சொன்ன மறுநாளே போய் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். யாரும் போகவில்லை. செய்ததைச் சரி என்று வைத்துக்கொள்ள, சூனியமும் உண்மையாகவே இருக்க வேண்டியதாயிற்று.

அத்தையின் கேள்வி

பதினோரு வருடம் கழித்து, ஒரு குடும்பச் சடங்குக்காக எல்லாரையும் கூப்பிட்டபோது அத்தை வந்தார். ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார். வெட்கப்படுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன், அவர் எதையும் தொடவில்லை. சித்தப்பாவின் மகள் ஓடிவந்து மோதியபோதுகூட, தாங்கிப் பிடிக்காமல் கையை மேலே தூக்கிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்கு உங்களைச் சொன்னது நான்தான் அத்தை என்றேன். "தெரியும்பா. சின்னப் பையன், கேட்டதுக்குப் பதில் சொன்னே" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு கேக்கறேன், படிச்சவன் நீ. அந்த உறையைத் தைக்கறப்போ ஒருநாள் அவன்மேல எனக்குக் கோபம். உடம்பு சரியில்லேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியேன்னு, தைச்சிட்டே வாய்விட்டுத் திட்டினேன். அது பிடிச்சிருக்குமோ?" என்றார்.

சுரப்பி, ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தைப்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அவருக்கு நோய் வந்துவிட்டது என்று தேதியோடு விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "சரிப்பா" என்றார்.

கிளம்பும்போது, அம்மா வாசல்வரை வந்தார். அத்தை தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி, இரண்டு கையாலும் வாயை அகலமாகத் திறந்து அம்மாவுக்கு முன்னால் நீட்டினார். எந்தக் குத்தலும் இல்லாமல், பயணச்சீட்டைக் காட்டுகிற மாதிரி. "என்ன அண்ணி இது" என்று அம்மா பதறினார். பதறிக்கொண்டே பைக்குள் ஒரு பார்வை பார்த்தார்.